தனபாலனின் நாற்காலி: கடிதமும் பதிலும்

அன்புள்ள ஐயா,

உங்கள் நாவலை இரண்டு முறை படித்தேன். பங்குச் சந்தையில் தனபாலன் பேராசையால் அழிந்தான் என்கிறார் என் கணவர். 1997-இல் மலேசியா நாடே சரிந்தது, அவன் என்ன செய்வான் என்கிறேன் நான். யார் சொல்வது சரி? அவனுக்குப் பங்கு வாங்கி விற்றுத்தந்த தரகர், அந்த ரெமிசியர்தானே அவனைக் கெடுத்தது? கடைசியில் அவர் ஏன் சிரிக்கிறார்?

வாசகி, சுங்கை சிப்புட்

அன்புள்ள சகோதரிக்கு,

வீட்டில் சண்டை மூட்டிவிட்டேன் போலிருக்கிறது, மன்னியுங்கள். நான் உங்கள் இரண்டு பேர் கட்சியிலும் சேரமாட்டேன்.

1998 செப்டம்பர் 1-இல் கோலாலம்பூர் பங்குச் சந்தைக் குறியீடு 262-இல் வந்து விழுந்தது உண்மை. ஆனால் தனபாலன் 1993-லேயே முடிந்துபோனவன். எந்தக் கம்பெனிப் பங்கைத் தொட்டாலும் ஏறிய அந்த வருடம், முதல் கான்ட்ராவிலேயே 4,000 வெள்ளி (ரிங்கிட்) லாபம் பார்க்கிறானே, அங்கேதான். கான்ட்ரா தெரியுமல்லவா? காசு கட்டாமல் வாங்கி, கட்டவேண்டிய நாளுக்குள் விற்று, வித்தியாசத்தை மட்டும் வாங்கிக்கொள்வது. இறங்கினால் வித்தியாசத்தை நாம் கட்ட வேண்டும். அவன் அப்பா முப்பது வருடம் தோட்டத்தில் ரப்பர் பாலை நிறுத்துக் கூலி வாங்கியவர். மழை பெய்தால் மரம் சீவ முடியாது, அன்றைக்குக் கூலியும் போச்சு. மகனுக்கு நிறுக்க எதுவுமே கிடையாது.

அவன் ஆசைப்பட்டது ஈப்போ பங்குத் தரகர் கடையில், விலை ஓடும் திரைக்கு நேராக மூன்றாவது வரிசை நாற்காலிக்கு. தோட்டத்து ஆபீசில் கணக்கெழுதும் கிராணி முன்னால் அவன் அப்பா ஒருநாளும் உட்கார்ந்ததில்லை. விற்றுவிட்டால் அந்த நாற்காலியில் அவனுக்கு என்ன வேலை? அதனால்தான் 1994 ஜனவரியில், குறியீடு 1,300-ஐத் தாண்டியபோதும் அவன் எழுந்திருக்கவில்லை.

ரெமிசியருக்கு வாங்கினாலும் கமிஷன், விற்றாலும் கமிஷன். தூண்டத்தான் செய்தார். ஆனால் வாடிக்கையாளர் கட்டாமல் ஓடினால் அந்தக் கடனும் அவர் தலையில்தான். அவர் வீடு ஏலம் போனதை நான் ஒரே வரியில் எழுதித் தொலைத்தேன். பாதிப் பேர் கவனிக்கவே இல்லை.

அப்புறம் அந்தச் சிரிப்பு. முருகன் படத்துக்குப் பக்கத்தில் மாட்டியிருந்த பத்திரம் ஞாபகமிருக்கிறதா? தோட்டங்களை வெள்ளைக்காரக் கம்பெனிகள் விற்க, வாங்கியவர்கள் துண்டு துண்டாகப் பிரித்து விற்றுக்கொண்டிருந்த காலம். உங்கள் ஊர்க்காரர், மந்திரி சம்பந்தன் தோட்டம் தோட்டமாகப் போய், மாதம் 10 வெள்ளி போடுங்கள் என்று கேட்டார். 1960-இல் தொடங்கிய அந்தக் கூட்டுறவுச் சங்கத்தின் பங்கு அது. அப்பா வைத்திருந்ததும் பங்கு, மகன் காசு கட்டாமல் வாங்கியதும் பங்கு. தமிழில் இரண்டுக்கும் ஒரே சொல் இருப்பது என்னைப் பல நாள் தூங்கவிடவில்லை.

தனபாலன் அதைக் கண்ணாடிச் சட்டத்திலிருந்து பிரித்து, ஊதுபத்திப் புகை படிந்த மஞ்சளோடு கொண்டுபோய், "இது இன்னிக்கு என்ன விலைண்ணே?" என்கிறான். சங்கத்துப் பங்கு சந்தைக்கு வருவதில்லை. திரையில் அதற்கு இடமே இல்லை. ரெமிசியர் சிரித்துவிடுகிறார், வேறென்ன செய்வார்?

முதலில் எழுதியபோது அவர் சிரிக்கவில்லை. "மடிச்சு உள்ள வைடா" என்று மட்டும் சொன்னார். அதையே விட்டிருக்கலாமோ என்று உங்கள் கடிதம் படித்ததிலிருந்து யோசிக்கிறேன்.