இரண்டு எபிசோடிலேயே தலை சுற்றுகிறதா?

கேள்வி: நண்பர் சொன்னாரே என்று பிபிசியின் பழைய உளவுத் தொடர் ‘டிங்கர் டெய்லர் சோல்ஜர் ஸ்பை’யை ஆரம்பித்தேன். இரண்டு எபிசோடு முடிந்துவிட்டது. வயதான ஆட்கள் உட்கார்ந்து பேசிக்கொண்டே இருக்கிறார்கள். யார் யாரென்றே பிடிபடவில்லை. தொடர்ந்து பார்க்கலாமா? நிஜ உளவு வேலையும் இப்படித்தான் மந்தமாக இருக்குமா?

பதில்: பாருங்கள். ஆனால் ஒரே ராத்திரியில் உட்கார்ந்து முடித்துவிட வேண்டாம். 1979 செப்டம்பர் 10 தொடங்கி வாரம் ஒன்றாக ஏழு வாரம் வந்த தொடர் இது. நடுவில் அசைபோட ஆறு நாள் இருந்தது. நீங்கள் ஒரு நாளாவது விடுங்கள்.

முதல் எபிசோடின் ஆரம்பக் காட்சியை இன்னொரு முறை போட்டுப் பாருங்கள். ஒரு கூட்ட அறை. பிரிட்டிஷ் உளவுத் துறையின் மேலதிகாரிகள் நான்கு பேர் ஒவ்வொருவராக வந்து உட்காருகிறார்கள். பேச்சே இல்லை. ஒருவர் தேநீர்க் கோப்பையைச் சாஸரால் மூடி எடுத்து வருகிறார். மாஸ்கோவின் ஆள் என்ற சந்தேகம் சுற்றிச் சுற்றி வருவது இந்த நால்வரைத்தான். வேலையிலிருந்து வெளியேற்றப்பட்ட ஜார்ஜ் ஸ்மைலி (நடிப்பு: அலெக் கின்னஸ்) அந்தக் கருப்பு ஆட்டைக் கண்டுபிடிக்க வேண்டும். பெயர்கள் மறந்தாலும் பரவாயில்லை; இந்த நான்கு முகங்கள் மனதில் பதிந்தால் போதும். ‘சர்க்கஸ்’ என்று அவர்கள் சொல்வது தங்கள் தலைமை அலுவலகத்தை.

யார் பொய் சொல்கிறார் என்று முகத்தைப் பார்த்துத் தேடினால் ஒன்றும் கிடைக்காது. அவர்கள் பிழைப்பே அதுதானே! ஒரு தாளின் நடுவில் கோடு போடுங்கள். இடப்பக்கம் செய்தி, வலப்பக்கம் அது யாருக்கு, என்றைக்குத் தெரிந்தது. ஸ்மைலி ஹோட்டல் அறையில் கோப்புகளைப் புரட்டிச் செய்வதும் இதே வேலைதான். இரண்டாவது எபிசோடில் டார் என்ற பிரிட்டிஷ் ஒற்றன் லிஸ்பனிலிருந்து லண்டனுக்கு ஒரு தகவல் அனுப்புகிறான் அல்லவா? அதற்கப்புறம் அந்த ரஷ்யப் பெண்ணைக் காணோம். தகவல் யார் கைக்குப் போனது? தாளில் முதல் வரி அதுவாக இருக்கட்டும்.

நிஜத்திலும் இப்படி நடந்திருக்கிறது. 1945-இல் இஸ்தான்புல்லில் வோல்கோவ் என்ற சோவியத் அதிகாரி பிரிட்டிஷ்காரர்களிடம் வந்தார். பணமும் புகலிடமும் தந்தால், லண்டனில் மாஸ்கோவுக்கு வேலை பார்ப்பவர்களைக் காட்டிக்கொடுப்பதாகச் சொன்னார். தந்தி மட்டும் அடிக்காதீர்கள், உங்கள் சங்கேதம் எங்களுக்குத் தெரியும் என்று எச்சரிக்கவும் செய்தார். அதனால் விஷயம் தூதரகப் பையில் மெதுவாக லண்டன் போய், கிம் ஃபில்பியின் மேசைக்கு வந்தது. பிரிட்டிஷ் உளவுத் துறையில் சோவியத் உளவாளிகளைக் கண்காணிக்கும் பிரிவின் தலைவர் அவர்தான். 1934 முதல் சோவியத்தின் ஆளும் அவரேதான். வேலியே பயிரை மேய்ந்த கதை. மாஸ்கோவுக்குத் தகவல் சொல்லிவிட்டு, பயணத்தை இழுத்தடித்து, அவர் இஸ்தான்புல்லில் இறங்கும்போது வோல்கோவ் அங்கே இல்லை. உடலெல்லாம் கட்டுப் போட்டு, ஸ்ட்ரெச்சரில் வைத்து சோவியத் விமானத்தில் ஏற்றிக் கொண்டுபோய்விட்டார்கள். ஒரு கோப்பு தவறான மேசைக்குப் போனது, சில வாரம் தாமதமானது, அவ்வளவுதான். மந்தமா என்று கேட்டீர்களே, ஆமாம், இந்த அளவுக்கு மந்தம்.

இன்னொன்று. தொடரில் ‘மெர்லின்’ என்ற ரகசிய மூலத்திலிருந்து வரும் தகவலை மேலிடமே கொண்டாடும். சரக்கு நல்லதாக இருக்கிறதே என்று நீங்களும் சாய்ந்துவிடாதீர்கள். இரண்டாம் உலகப் போரில் ஹுவான் புஜோல் 27 கற்பனை ஒற்றர்களை உருவாக்கி ஜெர்மனியை நம்பவைத்தவர். உண்மையில் பிரிட்டனின் ஆள். 1944-இல் பிரான்சின் நார்மண்டி கடற்கரையில் நேச நாட்டுப் படை இறங்கிய அன்று விடியுமுன் அவர் அனுப்பியது உண்மையான எச்சரிக்கைதான். பயன்படாத நேரத்தில் அனுப்பினார். அதில் சம்பாதித்த நம்பிக்கையை வைத்து, பெரிய தாக்குதல் இனிமேல்தான் பிரான்சின் கலே துறைமுகம் பக்கம் வரும் என்ற பொய்யை விற்றார். ஜெர்மனி இரும்புச் சிலுவை கொடுத்தது, பிரிட்டனும் விருது கொடுத்தது.

கடைசியாக, உங்களிடம் இருப்பதில் ஏழு எபிசோடு இருக்கிறதா என்று எண்ணிப் பாருங்கள். அமெரிக்காவுக்காக ஆறாகச் சுருக்கிய பதிப்பும் உண்டு. முழுசாக இருப்பதையே தேடுங்கள். 2011-இல் வந்த திரைப்படத்தை அப்புறம் பார்த்துக்கொள்ளலாம், அதை முதலில் பார்த்தால் ஆள் யாரென்று தெரிந்துவிடும்.