வலிக்காத ஞானப்பல்லை ஏன் எடுக்க வேண்டும்?

கேள்வி: எனக்கு வயது 28. கீழ்த்தாடையில் ஒரு ஞானப்பல் பாதி முளைத்து, பாதி ஈறுக்குள் இருக்கிறது. இரண்டு முறை வீங்கி, மாத்திரையில் அடங்கிவிட்டது. இப்போது வலியே இல்லை. ஆனாலும் எடுத்துவிடும்படி பல் மருத்துவர் சொல்கிறார். அவசியமா?

பதில்: உங்கள் பல்லைப் பொறுத்தவரை அவர் சொல்வது சரி என்றே தோன்றுகிறது. ஞானப்பற்கள் பெரும்பாலும் 17 வயதுக்கும் 25 வயதுக்கும் இடையில் முளைக்கின்றன. அதற்குள் மற்ற 28 பற்களும் தாடையை நிரப்பிவிடுவதால், கடைசியாக வரும் இவற்றுக்கு இடம் போதாமல், முன்னால் உள்ள கடைவாய்ப்பல்லின் மீது சாய்ந்தோ, எலும்புக்குள் படுத்தவாக்கிலோ நின்றுவிடுவது உண்டு.

முழுவதும் புதைந்த பல்லைவிடப் பாதி முளைத்த பல்லே அதிகத் தொல்லை தருகிறது. அதன் மேல் ஈறு ஒரு மடிப்பாக மூடியிருக்கும். பிரஷ் எட்டாத அந்த மடிப்புக்கடியில் உணவுத் துணுக்குகள் தங்கிக் கிருமிகள் பெருகும்போது ஈறு வீங்கும். வீங்கிய ஈறை மேல்பல் ஒவ்வொரு முறையும் கடிப்பதால் புண் பெரிதாகி, சிலருக்கு வாயைத் திறப்பதும் விழுங்குவதும்கூடக் கடினமாகிவிடும். ஆன்டிபயாடிக் கிருமியை அடக்குமே தவிர மடிப்பை அகற்றாது. உங்களுக்கு வீக்கம் திரும்பி வந்ததற்கும் அதுவே காரணமாக இருக்கலாம்.

இன்னொரு கேடு சத்தமில்லாமல் நடப்பது. சாய்ந்த ஞானப்பல்லுக்கும் முன்னுள்ள பல்லுக்கும் இடையே சேரும் அழுக்கால், நன்றாக மெல்லக்கூடிய அந்தப் பல்லின் பின்புறம் சொத்தையாகலாம். கண்ணாடியில் பார்த்தால் தெரியாது, எக்ஸ்ரேயில்தான் தெரியும். பெரிய பயனில்லாத ஒரு பல்லுக்காகப் பயனுள்ள பல்லை இழப்பது வீண். அரிதாக, புதைந்த பல்லைச் சுற்றி நீர்க்கட்டி வளர்ந்து எலும்பை அரிப்பதும் உண்டு.

வீங்கியிருக்கும்போது மரத்துப்போகும் ஊசி சரியாக வேலை செய்யாமல் போகலாம் என்பதால், வலியில்லாத இப்போதைய நிலைதான் எடுப்பதற்கு ஏற்றது. வயது கூடக்கூட எலும்பு இறுகுவதால் பல்லை எடுப்பதும் கடினமாகும், புண் ஆறவும் நாளாகும். ஆனால் கீழ்த்தாடை நரம்பு பல்லின் வேருக்கு எவ்வளவு அருகில் செல்கிறது என்பதை மருத்துவரிடம் கட்டாயம் கேளுங்கள். அது பாதிக்கப்பட்டால் கீழுதடும் முகவாயும் மரத்துப்போகலாம். பெரும்பாலும் தானாகச் சரியாகும், அரிதாக நிலைத்துவிடும். நரம்பு மிக நெருக்கமாக இருந்தால், வேரை விட்டுவிட்டுப் பல்லின் மேற்பகுதியை மட்டும் நீக்கும் முறையும் இருக்கிறது.

கேள்வி: முன்பற்கள் கோணிவிடும் என்பதற்காக நல்ல ஞானப்பற்களையும் எடுத்துவிடலாமா?

பதில்: வேண்டாம். வயதாக ஆக முன்பற்கள் நெருங்குவது ஞானப்பல்லே இல்லாதவர்களிடமும் காணப்படுகிறது. நோயில்லாத ஞானப்பற்களை முன்னெச்சரிக்கையாக எடுக்கும் வழக்கத்தைக் கைவிடும்படி பிரிட்டனில் மருத்துவ வழிகாட்டுதல்களை வெளியிடும் நைஸ் (NICE) அமைப்பு 2000ஆம் ஆண்டிலேயே வழிகாட்டியது. நேராக முளைத்து, பிரஷ் எட்டுகிற பல்லை அவ்வப்போது மருத்துவரிடம் காட்டிவந்தால் போதும்.