கார் ஷெட்டில் எனக்கென்று ஓர் இடம்: வாசகர் கேள்வி பதில்

கேள்வி: காரை விற்றுவிட்டோம். ஷெட்டில் இப்போது தட்டுமுட்டுச் சாமான்கள்தான் கிடக்கின்றன. வீட்டில் ஆள் அதிகம்; தனியாக உட்கார்ந்து படிக்க ஒரு மூலைகூடக் கிடையாது. எப்போதாவது இரண்டு நண்பர்கள் வந்தால் பேசவும் இடமில்லை. அந்த ஷெட்டை எனக்கான இடமாக மாற்ற ஆசை. ஆனால் பகலில் தகரக் கூரை கொதிக்கிறது. ஓத வாடை வேறு. என்ன வண்ணம் அடிக்கலாம், எந்த மாதிரி சோபா போடலாம்?

பதில்: வண்ணத்தையும் சோபாவையும் கடைசிக்குத் தள்ளிவையுங்கள். சுவர் ஓவியமும் விளக்குச் சரமுமாக ஜொலித்த ஷெட்டுகள் சில மாதங்களிலேயே மறுபடி பழைய சாமான் போடும் இடமாகிப் போனதை நான் நிறையப் பார்த்திருக்கிறேன். ஒரு மணி நேரம்கூட உடம்பு அங்கே நிம்மதியாக இருக்க முடியவில்லை, அதுதான் காரணம். தச்சுவேலை செய்யும் கொட்டகையிலேயே ஒரு நாற்காலி போட்டு மாலைகளைக் கழிப்பவன் என்பதால் இதை அழுத்திச் சொல்கிறேன்: ஈரம், சூடு, காற்று இந்த மூன்றும் சரியாகாமல் எந்த அலங்காரமும் நிற்காது.

முதலில் அந்த ஓத வாடை. ஈரம் எங்கிருந்து வருகிறது என்று தெரியாமல் பெயின்ட் அடித்தால் உரிந்துதான் விழும். ஒன்றரை அடிச் சதுரத்தில் கனமான பிளாஸ்டிக் தாள் ஒன்றைச் சிமென்ட் தரையில் விரித்து, நான்கு ஓரங்களையும் டேப்பால் இறுக ஒட்டிவிடுங்கள். ஒரு நாள் கழித்துப் பிரித்துப் பாருங்கள். தாளின் அடியில் நீர் முத்து முத்தாகக் கோத்திருந்தாலோ, அந்த இடத்தில் தரை கறுத்திருந்தாலோ, ஈரம் மண்ணிலிருந்து ஏறுகிறது. அப்படியானால் வெளியே போய்ச் சுவரைச் சுற்றிப் பாருங்கள். மண் மேடாகக் குவிந்திருக்கலாம், கூரைத் தண்ணீர் சுவரோரமே விழுந்து தேங்கலாம். தண்ணீரைச் சுவரிலிருந்து விலக்கி விடுவதே பாதி வைத்தியம். தரை உலரும்வரை கம்பளம் வேண்டாம். அடியில் பூஞ்சை பிடிக்கும். உட்காரும் மூலையில் மட்டும் சட்டங்கள் அடித்த தாழ்வான பலகை மேடை ஒன்று போட்டுக்கொள்ளுங்கள், அடியில் காற்று நடமாடட்டும்.

அடுத்தது கூரை. வெயிலில் காய்ந்த தகரம் தன் சூட்டைக் கீழே கதிராக வீசிக்கொண்டே இருக்கும். மின்விசிறி அந்தச் சூடான காற்றைத்தான் சுழற்றும். தகரத்தின் வெளிப்புறம் வெயிலைத் திருப்பி அனுப்பும் வெள்ளைப் பூச்சு பூசுங்கள். உள்ளே பளபளப்பான அலுமினியத் தாள் கட்டுவதானால், தகரத்துக்கும் தாளுக்கும் நடுவே குறைந்தது 20 மில்லிமீட்டர் இடைவெளி விடுங்கள். ஒட்டினாற்போல் அடித்தால் தகரத்தின் சூடு நேராகத் தாளுக்குள் இறங்கிவிடும், செய்த வேலை வீண். பிறகு ஒரு சுவரில் தாழ்வாக ஒரு திறப்பு, எதிர்ச் சுவரில் உயரமாக ஒரு திறப்பு. சூடான காற்று மேலேறி வெளியேற, குளிர்ந்த காற்று கீழே நுழையும்.

இதை வாசிக்கும் மற்றவர்களுக்கும் ஒரு வார்த்தை: உங்கள் கூரை பழைய ஆஸ்பெஸ்டாஸ் ஷீட்டாக இருந்தால் அதில் துளை போடாதீர்கள், அறுக்காதீர்கள், தேய்க்காதீர்கள். கிளம்பும் நுண்ணிழைகள் நுரையீரலில் தங்கிப் புற்றுநோய் வரை கொண்டுபோகும். அகற்றுவதை அதற்கென்று பயிற்சி பெற்றவர்களிடம் விடுங்கள்.

இவ்வளவும் ஆன பிறகு ஒரு நாற்காலி. முழு ஷெட்டையும் அலங்கரிக்க நினைக்காமல் ஒரு மூலையை மட்டும் எடுத்துக்கொள்ளுங்கள். முதுகுக்குப் பின்னால் சுவர், முகம் வாசலைப் பார்த்து. இப்படி உட்கார்ந்தால்தான் மனம் படிப்பில் இறங்கும். நடுக்கூரையில் ஒரு வெள்ளை டியூப் லைட் எரிந்தால் அது வேலைக்கூடமாகத்தான் தோன்றும். 2700 கெல்வின் என்று போட்ட, மஞ்சள் சாயலுள்ள எல்.இ.டி. பல்பைத் தோளுக்குப் பின்னால் வையுங்கள். எதிரொலி அடித்தால் புத்தக அலமாரியும், ஷட்டரின் உட்புறம் ஒரு கனத்த திரையும் போதும். மின்சாரத்தை வீட்டிலிருந்து நீளும் எக்ஸ்டென்ஷன் வயரில் இழுக்க வேண்டாம். எலக்ட்ரீஷியனை வைத்துத் தனி இணைப்பும், எர்த்தும், 30 மில்லி ஆம்பியர் கசிவிலேயே துண்டிக்கும் ஆர்.சி.சி.பி. சுவிட்சும் போட்டுக்கொள்ளுங்கள். ஈரத் தரையுள்ள இடத்தில் இதில் சிக்கனம் பார்க்கவே கூடாது.

கேள்வி: எங்கள் ஷெட்டில் பெட்ரோல் கார் நிற்கிறது. ஒரு திரை போட்டுப் பின்பாதியை உட்காரும் இடமாக்கிக்கொள்ளலாமா?

பதில்: வேண்டாம். திரை எதையும் தடுக்காது. ஓடும் இன்ஜினிலிருந்து வரும் கார்பன் மோனாக்சைடுக்கு நிறமும் இல்லை, மணமும் இல்லை. ஷட்டரைத் திறந்து வைத்திருந்தாலும் உள்ளே ஆபத்தான அளவுக்குச் சேர்ந்துவிடும். பெட்ரோல் ஆவி காற்றைவிடக் கனமானது, தரையோடு பரவும். அது தீப்பிடிக்க ஒரு மெழுகுவத்தியோ அடுப்போ போதும். காரை வெளியே நிறுத்த வழி பாருங்கள். முடியாவிட்டால் தரையிலிருந்து கூரை வரை இடைவெளியில்லாத சுவர் எழுப்பி, உங்கள் பாதிக்குத் தனி வாசல் வையுங்கள். தின்னர், பெயின்ட் டப்பாக்கள் உங்கள் பக்கம் வரக்கூடாது.

கேள்வி: என் கணவர் வேலை முடிந்து வந்ததும் கொட்டகைக்குள் போய்விடுகிறார். பழைய ரேடியோக்களைப் பழுது பார்க்கிறார். எங்களிடமிருந்து விலகிப் போகிறாரோ என்று வருத்தமாக இருக்கிறது.

பதில்: உங்கள் வருத்தம் நியாயமானது, சகோதரி. ஆனால் அவர் வெளியே வரும்போது எப்படி இருக்கிறார் என்று கவனித்தீர்களா? முகம் தெளிந்து, பிள்ளைகளிடம் பேச்சுக் கொடுக்கிறார் என்றால் அந்த இடம் உங்கள் வீட்டுக்கு நல்லதுதான் செய்கிறது. வந்த பிறகும் பேச்சில்லை என்றால் கொட்டகையைக் குறை சொல்லாமல், மனதில் என்ன பாரம் என்று நேராகவே கேளுங்கள்.

உங்களுக்கென்று ஒரு நேரமும் இடமும் இருக்கிறதா என்பது என் அடுத்த கேள்வி. கடிதத்தில் அதைப் பற்றி ஒரு வரிகூட இல்லை. வாரத்தில் சில மாலைகள் கொட்டகை உங்களுக்கு, அப்போது வீட்டையும் பிள்ளைகளையும் அவர் பார்த்துக்கொள்வார் என்று பேசி முடிவு செய்யுங்கள். அவருடைய வேலை மேசைக்கு எதிர்ப்பக்கம் உங்களுக்கு ஒரு மேசை போடச் சொல்லுங்கள். ஈயப் பற்றுவைப்பின் புகை உங்கள் பக்கம் வராமலிருக்க அவர் மேசை ஜன்னலோரம் போகட்டும்.