பக்கத்துத் தோட்டத்து நாய் கோழியைக் கடித்தால் யார் பணம் தருவது?

கேள்வி: காங்கேயம் பக்கம் எங்கள் தோட்டத்தில் நாட்டுக்கோழி மேயவிட்டு வளர்க்கிறேன். போன மாதம் பட்டப்பகலில் மூன்று நாய்கள் புகுந்து 23 கோழிகளைக் கடித்துப் போட்டன. ஒன்று பக்கத்துத் தோட்டக்காரர் வளர்ப்பது, மற்ற இரண்டும் தெருநாய்கள். கேட்டால், 'கோழியை அடைத்து வைக்க வேண்டியதுதானே' என்கிறார். குஞ்சுகளைக் கீரி வேறு தூக்குகிறது. கறியில் குருணை மருந்து (வயலுக்குப் போடும் பூச்சிக்கொல்லி) கலந்து வைக்கச் சொல்கிறார்கள். வைக்கலாமா? நஷ்டஈடு கிடைக்குமா? (ஒரு வாசகி)

பதில்: மருந்து மட்டும் வேண்டாம் அம்மா. இன்றைக்கு நீங்கள் புகார் கொடுக்கும் இடத்தில் இருக்கிறீர்கள். கறி வைத்த மறுநாள் குற்றவாளிக் கூண்டில் நிற்பீர்கள். விலங்கை விஷம் வைத்துக் கொன்றால் பழைய இந்திய தண்டனைச் சட்டத்துக்குப் பதிலாக வந்த பாரதிய நியாய சன்ஹிதா 325-ஆவது பிரிவின்படி ஐந்து ஆண்டு வரை சிறை. தெருநாய் செத்தாலும் இந்தப் பிரிவில் வழக்குப் பதிகிறார்கள். கீரியோ வனஉயிரினப் பாதுகாப்புச் சட்டத்தில் வருவது. பொறி வைப்பதும் விஷம் வைப்பதும் அதில் வேட்டைதான். சிந்திய குருணையை மயில் கொத்தினால் குறைந்தபட்சமே மூன்று ஆண்டு சிறை. உங்கள் ஊரில் மயிலுக்கா பஞ்சம்? வேலியில் வீட்டுக் கரண்டைக் கொடுக்கும் யோசனையும் வேண்டாம், அதில் மனிதன் செத்தால் கொலைக்கு நிகரான வழக்கு. கோழியைக் கவ்வும் நாயைக் கம்பெடுத்து விரட்டுவதை யாரும் குற்றம் என்று சொல்லப் போவதில்லை.

சரி, பணம். பக்கத்துத் தோட்டக்காரர் மேல் சிவில் வழக்குப் போட வழி இருக்கிறது. உங்கள் நிலத்தில், பகலில் மேய்ந்த கோழியை அவருடைய நாய் வந்து கடித்திருக்கிறது; அடைத்து வைத்திருக்கலாமே என்ற பேச்சு அங்கே அதிகம் எடுபடாது. கோழிகள் அவருடைய நிலத்துக்குப் போயிருந்தால் கதை வேறு. வழக்கில் இடறும் இடம் இரண்டு. எந்தக் கோழியை எந்த நாய் கடித்தது என்று காட்ட வேண்டும். தெருநாய் கடித்ததற்கு அவர் பொறுப்பல்ல. நாய் இப்படிச் செய்யும் என்று அவருக்கு முன்பே தெரியும் என்பதையும் நிறுவினால் வழக்கு பலப்படும். அதனால்தான் வாய்ச்சண்டையோடு விடாமல் உடனே எழுத்தில் நோட்டீஸ் அனுப்பச் சொல்கிறேன். அடுத்த முறை நாய் வந்தால் 'தெரியாது' என்று அவரால் சொல்ல முடியாது. விரைவுத் தபாலில் அனுப்புங்கள், பழைய பதிவுத் தபால் 2025 செப்டம்பரில் அதோடு சேர்ந்துவிட்டது.

இனி ஒரு கோழி செத்தாலும் புதைக்கும் முன் போட்டோ எடுங்கள், கால்நடை மருத்துவரிடம் காட்டிச் சான்று வாங்குங்கள். குஞ்சு வாங்கிய பில், விற்ற கணக்கு, பார்த்தவர் பெயர் எல்லாம் ஒரு நோட்டில் இருக்கட்டும். காவல் நிலையத்தில் மனு கொடுத்து ரசீது வாங்கலாம். ஆனால் வளர்ப்பு விலங்கை அலட்சியமாக விடுவதைப் பற்றிய அதே சன்ஹிதாவின் 291-ஆவது பிரிவு மனித உயிருக்கோ கொடுங்காயத்துக்கோ ஆபத்து இருந்தால்தான் பொருந்தும், கோழிக்கு அல்ல. வேண்டுமென்றே நாயை ஏவிவிட்டார் என்றால்தான் போலீஸ் வேலை.

தெருநாய்களுக்கு ஊராட்சியிடம் எழுத்து மூலம் கேளுங்கள். 2023-ஆம் ஆண்டு விலங்குகள் இனப்பெருக்கக் கட்டுப்பாட்டு விதிகளின்படி பிடித்து, கருத்தடை செய்து, தடுப்பூசி போடுவது உள்ளாட்சியின் பொறுப்பு. பிடித்த இடத்திலேயே திரும்ப விடுவார்கள் என்பதும் அதே விதிதான், ஆகவே நாய் ஊரைவிட்டே போய்விடும் என்று எதிர்பார்க்காதீர்கள். உங்கள் பகுதி விவசாயிகள் செத்த ஆடுகளோடு போராடிய பிறகு, தெருநாய் கடித்துச் சாகும் ஆடு, கோழிக்கு அரசு நிவாரணம் அறிவித்தது. கிராம நிர்வாக அலுவலரிடம் தகவல் சொல்லி, மருத்துவர் சான்றோடு ஆட்சியர் அலுவலகத்தில் மனு கொடுங்கள்.

23 கோழிக்காக நீதிமன்றம் ஏறி இறங்குவது கட்டுப்படியாகாது என்பது என் கருத்து. முதலில் தாலுகா அளவில் இலவச சட்ட உதவி தரும் வட்ட சட்டப் பணிகள் குழுவில் மனு கொடுங்கள். வழக்குப் போடாமலேயே அவரை அழைத்துப் பேசுவார்கள், அங்கே முடிந்தால் லோக் அதாலத் (மக்கள் நீதிமன்றம்) தீர்ப்பாகவே எழுதிவிடலாம். பெண் என்பதால் வருமானம் எவ்வளவு இருந்தாலும் உங்களுக்கு வக்கீல் இலவசம்.