சாமிக்கு வயிறு வலித்தால்

அன்புள்ள ஐயா,

வணக்கம். குடியாத்தத்திலிருந்து எழுதுகிறேன். ஆம்பூர்ப் பக்கம் ஒரு ஷூ கம்பெனியில் கணக்குப் பிரிவில் வேலை. ஆண்டுக் கணக்கை முடித்துக் கொடுத்துவிட்டு, சிரசுத் திருவிழாவை ஒட்டி ஒரு வாரம் விடுப்பு போட்டேன். மகளுக்கு எட்டு வயது. மூன்றாவது முடித்து நாலாவது போகிறாள். மனைவிக்கு விடுப்பு கிடைக்கவில்லை, காலை ரயிலுக்குக் கிளம்பிக் காட்பாடி போய்விடுவாள். பகலில் வீட்டில் நான், மகள், என் அம்மா மூன்று பேர்தான்.

ஏலகிரி போவதாகத் திட்டம். கத்திரி வெயிலைப் பார்த்ததும் கிளம்பவே மனசு வரவில்லை. அதனால் எங்கேயும் போகவில்லை. எட்டு மணிக்கு எழுந்திருக்கிறோம். கூடத்தில் பாய் போட்டுப் படுத்துக்கொண்டு தாயம் ஆடுகிறோம். நுங்கு வண்டி வந்தால் வாங்குகிறோம். மறுபடி படுக்கிறோம். அவள் பேசிக்கொண்டே இருக்கிறாள்.

“ஏதாவது உருப்படியா பண்ணு பாப்பா” என்றேன். “நீ லீவு போட்டு சும்மா இருக்கிற, நான் லீவு போடாமயே சும்மா இருக்கிறேன். யாருப்பா கெட்டிக்காரி?” என்றாள். போன வருஷம் வேலூர்க் கோட்டைக்குக் கூட்டிப்போனபோது, கண்டி ராஜாவை இங்கேதான் அடைத்து வைத்திருந்தார்கள் என்று சொல்லியிருந்தேன். இப்போது வெயிலுக்குப் பயந்து சாயங்காலம் வரை கதவைத் திறக்க விடுவதில்லை. “சாப்பாடு மட்டும் வேளா வேளைக்கு வருது. நான்தான் இப்ப கண்டி ராஜா” என்கிறாள்.

சிரசு ஊர்வலம் பார்த்துவிட்டு வந்து அவள் கேட்டதுதான் பெரிசு. ரேணுகாதேவி கதையை என் அம்மா சொல்லியிருந்தார்கள். “தலை ஒருத்தரோடது, உடம்பு இன்னொருத்தரோடது. அப்ப வயிறு வலிச்சா யாருக்கு ஆயா வலிக்கும்?” சாமிக்கு வயிறெல்லாம் வலிக்காதும்மா என்றேன் நான். “அப்ப ஆடி மாசம் எதுக்குக் கூழு ஊத்துறாங்க?”

இதை மறுபடி சொல்லச் சொல்லி வீடியோ எடுத்து வாட்ஸப் ஸ்டேட்டஸில் போட்டேன். நிறையப் பேர் பார்த்தார்கள், ஆபீசில் மேனேஜர்கூடச் சிரித்து எழுதினார். அப்புறம் வீட்டுக்கு வருகிறவர்களிடம் சொல்லு என்றால் வாயே திறக்க மாட்டேன் என்கிறாள்.

இதற்கு நடுவில் என் அண்ணன் வந்திருந்தார். “என்ன ரேங்க் எடுத்தே?” என்று கேட்டார். “நீங்க என்ன ரேங்க் பெரியப்பா?” என்றாள். அண்ணன் முகம் மாறிவிட்டது. “பொட்டப் புள்ளைக்கு வாய் இவ்ளோ நீளக் கூடாது, இப்பவே தட்டி வை. லீவுல அபாகஸ், நீச்சல்னு அனுப்பாம மடியில வச்சிக் கொஞ்சினு இருந்தா இப்படித்தான்” என்று சொல்லிவிட்டுப் போனார்.

அவர் சொல்வதில் நியாயம் இருக்கிறதா? இந்த விடுமுறையை வீணடிக்கிறேனா?

(பெயர் வேண்டாம்)
ம., குடியாத்தம்


அன்புள்ள ம.,

ஏலகிரி போகாததற்கு முதலில் என் பாராட்டு. மே மாதத்தில் பாதி வடாற்காடும் முக்கால்வாசி பெங்களூரும் அங்கேதான் இருக்கும். ஏறுவதற்கு 14 கொண்டை ஊசி வளைவு, புலவர் பெயரும் வள்ளல் பெயருமாக வைத்திருக்கிறார்கள். கம்பரில் பிள்ளைக்குத் தலை சுற்றி, கபிலரில் வாந்தி எடுத்து, பாரியில் எலுமிச்சம்பழம் தேடிய குடும்பங்களை எனக்குத் தெரியும். (வடாற்காடு என்று எழுதுவதைப் பொறுத்துக்கொள்ளுங்கள். 1989-ல் ஒருமுறை, 2019-ல் ஒருமுறை பிரித்தாயிற்று, ஏலகிரி இப்போது திருப்பத்தூர் மாவட்டம். என் வாய்க்கு இன்னும் அரசாணை வந்து சேரவில்லை.)

உங்கள் மகள் இந்த ஒரு வாரத்தில் புதிதாகக் கெட்டிக்காரி ஆகிவிடவில்லை. நீங்கள் இந்த வாரம்தான் வீட்டில் இருக்கிறீர்கள். வேலை நாளில் அப்பனும் பிள்ளையும் என்ன பேசிக்கொள்கிறார்கள்? சாப்பிட்டியா, ஹோம்வொர்க் முடிச்சியா, போய்ப் படு. முதல் இரண்டுக்கும் ‘ம்’ போதும், மூன்றாவதற்கு அதுவும் வேண்டாம். இதில் எந்தப் பிள்ளையும் நகைச்சுவையாகப் பேச முடியாது. உங்கள் கடிதத்திலேயே பாருங்கள், வயிற்றுவலிக் கேள்வி நல்ல கேள்விதான், ஆனால் அசல் அடி கூழில் விழுந்தது. அது நீங்கள் ஒரு பதில் சொன்ன பிறகு வந்தது. நீங்களும் அவசரத்தில் இல்லாமல், ஏதோ வாயில் வந்ததைச் சொல்லிவிட்டு மறுபடி பாயில் சாய்ந்திருப்பீர்கள். அவளுக்கு இரண்டாவது முறை பேச இடம் கிடைத்தது. ஆபீஸ் கிளம்பும் நேரமாக இருந்தால் “சாமி விஷயத்துல அப்படியெல்லாம் கேக்கக் கூடாது” என்று முடித்திருப்பீர்கள். கூழ் வந்திருக்காது.

அந்தக் கேள்வியை இன்னும் கொஞ்சம் பேச ஆசையாக இருக்கிறது. குடியாத்தம் பக்கம் இல்லாத வாசகர்களுக்காகச் சொல்கிறேன். தகப்பன் சொல்லுக்காகப் பரசுராமன் தாயின் தலையை வெட்டுகிறான். பிறகு அதே தகப்பனிடம் வரம் வாங்கி, பதற்றத்தில் தலையை வேறொரு பெண்ணின் உடம்பில் பொருத்திவிடுகிறான். தொண்டை மண்டலத்து ஊர்களில் அம்மன் தலை மட்டும் தனியாகப் பூஜை வாங்குவதற்கு இந்தக் கதையைத்தான் சொல்வார்கள். குடியாத்தத்தில் வைகாசி முதல் நாள் முத்தியாலம்மன் கோயிலிலிருந்து சிரசு புறப்படும். வழியெங்கும் தேங்காய் உடைபட, கூட்டத்தில் நீந்தி, கெங்கையம்மன் கோயிலில் உடலோடு சேரும். அன்று மாவட்டத்துக்கே உள்ளூர் விடுமுறை.

வேதாளமும் இதே மாதிரி தலை மாறிய கதை ஒன்றைச் சொல்லி விக்கிரமாதித்தனை மடக்கப் பார்க்கிறது. புருஷனுக்கும் இன்னொருத்தனுக்கும் தலை மாறிப்போச்சு, இப்போது அந்தப் பெண்ணுக்குப் புருஷன் யார் என்று கேட்கிறது. தலை யாருடையதோ அவன்தான் என்கிறான் ராஜா. உறுப்புகளில் தலைதான் பிரதானமாம். படித்தவர்கள் எல்லாருக்கும் அந்தப் பதிலே போதுமானதாக இருந்திருக்கிறது. உங்கள் மகள் வயிற்றின் பக்கம் நின்று கேட்கிறாள். வலிக்கிற இடம் ஒருத்தருடையது, வலி தெரிகிற இடம் இன்னொருத்தருடையது என்றால் ‘ஐயோ’ என்று யார் சொல்வது? இதற்கு என்னிடம் பதில் கிடையாது. உங்கள் அம்மாவிடம் விட்டுவிடுங்கள். கூழ் காய்ச்சுகிறவர்கள் அவர்கள்தானே.

இப்போது வீடியோவுக்கு வருகிறேன். இதில் நான் உங்கள் கட்சி இல்லை, பாப்பா கட்சி.

எங்கள் அக்காவுக்கு ஒரு பேத்தி. வேலூரைப் பற்றி ஒரு பழைய நக்கல் உண்டே, ராஜா இல்லாத கோட்டை, சாமி இல்லாத கோயில், தண்ணி இல்லாத ஆறு என்று நீளும். அதைச் சொல்லியே வளர்ந்தவர்கள் நாங்கள். சாமி இல்லாத கோயில் என்பது 1981-ல் ஜலகண்டேஸ்வரரைச் சத்துவாச்சாரியிலிருந்து கோட்டைக்குள் கொண்டுவந்து வைத்ததோடு காலி. தண்ணி இல்லாத ஆறு 2021 நவம்பரில் காலி. அந்த மழையில் பாலாற்றில் இரு கரை முட்டி வெள்ளம் போனதைப் பாலத்து ஓரம் நின்று பார்த்தோம். சிறிசு கொஞ்ச நேரம் பார்த்துவிட்டு, “யாரு தாத்தா பைப்பை மூட மறந்துட்டாங்க?” என்றது. பக்கத்தில் நின்றிருந்த டிராபிக் போலீஸ்காரர்கூடச் சிரித்துவிட்டார்.

மாமா அதோடு விட்டிருக்கலாம். வருகிறவர் போகிறவரிடமெல்லாம் சொல்லச் சொன்னார். பொங்கலுக்குள் அதில் கை ஆட்டல் சேர்ந்தது, பைப்பை மூடுகிற மாதிரி ஒரு திருகல் சேர்ந்தது. நான் ஒருநாள் கவனித்தேன். பிள்ளை வாய் திறப்பதற்கு முன்னால் தாத்தா முகத்தைப் பார்க்கிறது. அவர் புருவத்தை ஏற்றினதும் சொல்கிறது. சொல்லிவிட்டு வந்தவர் முகத்தைப் பார்க்கிறது. ஆற்றைப் பார்த்துச் சொன்ன பிள்ளை, ஆளைப் பார்த்துச் சொல்ல ஆரம்பித்துவிட்டது. அதற்குப் பிறகு கொஞ்ச காலம் அது பேசியது எல்லாமே கைதட்டலுக்குக் கேட்டதுதான், கேட்கவே சங்கடமாக இருக்கும்.

உங்கள் மகள் வாயை மூடிக்கொண்டாள். அதை அடம் என்று எடுத்துக்கொள்ளாதீர்கள். ஒரு தடவை உங்களுக்காகச் செய்தாள், போதும் என்று அவளுக்கே பட்டுவிட்டது. அந்த ஸ்டேட்டஸ் எப்படியும் ஒரு நாளில் தானாகப் போயிருக்கும். இனிமேல் “அதைச் சொல்லும்மா, அன்னிக்குச் சொன்னியே” என்ற வாக்கியம் உங்கள் வீட்டில் வேண்டாம்.

அண்ணன் விஷயம். அவர் மேல் எனக்குக் கோபம் இல்லை, எட்டு வயதுப் பிள்ளையிடம் பேச அவருக்குக் கைவசம் அந்த ஒரு கேள்விதான் இருந்திருக்கிறது. பெரியவர்கள் பலருக்கும் அப்படித்தான். ‘பொட்டப் புள்ளைக்கு’ என்று ஆரம்பித்தாரே, அதை மட்டும் அந்த இடத்திலேயே நீங்கள் மறுத்திருக்க வேண்டும். பையன் இதையே சொல்லியிருந்தால் “கேடி” என்று முதுகில் தட்டிவிட்டுப் போயிருப்பார்.

நாம் கூத்து பார்த்து வளர்ந்த சீமை. துரியோதனனே வந்தாலும் திரைக்குப் பின்னால் நிறுத்தி வைத்து, யாருய்யா நீ, எந்த ஊரு, எதுக்கு வந்தே என்று கட்டியங்காரன் கேட்பான். நூறு பேருக்கு மூத்தவன், கிரீடமும் புஜகீர்த்தியும் கட்டிக்கொண்டு நின்று பதில் சொல்வான். ஜனம் சிரிக்கும், ராஜா மரியாதை குறையாது. ஆனால் ராஜா பாட்டெடுத்ததும் கட்டியங்காரன் ஒதுங்கிப் பின்பாட்டுக்காரரோடு நின்றுகொள்வான். மகளுக்குச் சொல்லித்தர வேண்டியது இந்த ஒதுங்குவதை மட்டும்தான். கேள்வியைப் பார்த்துச் சிரிக்கலாம். ஆளின் நடையை, நிறத்தை, இல்லாமையைப் பார்த்துச் சிரித்தால் அன்றைக்குக் கண்டிப்பாகக் கண்டியுங்கள், அதுவும் எல்லார் எதிரிலும் வேண்டாம், தனியாக. ரேங்க் கேள்வி முதல் வகை என்றுதான் எனக்குப் படுகிறது. அண்ணனுக்குப் பத்தாவதில் ஏதாவது பழைய காயம் இருந்தால் அது பிள்ளைக்கு எப்படித் தெரியும்? அடுத்த முறை வரும்போது அவர் கையில் தாயக்கட்டையைக் கொடுங்கள். இரண்டு காய் வெட்டுப்பட்டால் ரேங்க் கேட்கத் தோன்றாது.

நீச்சலுக்கு அனுப்புங்கள். நம் பக்கம் கிணறும் கல்குட்டையும் ஒவ்வொரு கோடையிலும் பிள்ளைகளைக் கொண்டுபோகிறது, அந்த ஒன்றில் அண்ணன் சொல்வது சரி. காலை ஆறரைக்குப் போனால் எட்டுக்குத் திரும்பிவிடலாம், பாய் எங்கும் போய்விடாது. அபாகஸ் இல்லாமல் யாரும் செத்ததில்லை.

கண்டி ராஜாவைப் பற்றி அவளிடம் மீதியையும் சொல்லுங்கள். 1815-ல் கண்டியைப் பிடித்த வெள்ளைக்காரர்கள் அடுத்த வருஷமே ஸ்ரீ விக்கிரம ராஜசிங்கனைக் குடும்பத்தோடு வேலூருக்குக் கொண்டுவந்துவிட்டார்கள். 1832-ல் சாகும்வரை விடவில்லை. பாலாற்றங்கரையில் இருக்கிற முத்துமண்டபம் அவர் சமாதிதான். ஆக, ராஜா இல்லாத கோட்டை என்ற நக்கலும் பொய், ராஜா இருந்தார், வெளியே விடவில்லை. போன வருஷம் காதில் விழுந்ததை இந்த வருஷம் வெயிலில் கதவு சாத்தியிருக்கும்போது சரியாக எடுத்துப் போட்டாளே, பள்ளிக்கூடத்தில் இதற்குத்தான் பரீட்சை வைக்கிறார்கள். வெயில் தாழ்ந்த ஒரு நாள் அந்த மண்டபத்துக்குக் கூட்டிப்போகலாம். போகாவிட்டாலும் குற்றமில்லை.

கடைசியாக ஒரு காரியம். கம்பெனியில் சப்ளையர்கள் கொடுத்த பழைய டைரி கட்டாயம் உங்களிடம் இருக்கும். அவள் சொல்வதை அதில் எழுதிவையுங்கள், யாருக்கும் அனுப்பாதீர்கள். தேதி, அப்போது என்ன செய்துகொண்டிருந்தீர்கள், நீங்கள் என்ன சொன்னதற்கு அவள் அதைச் சொன்னாள், இவ்வளவும் வேண்டும். முக்கியமாகத் திருத்தாதீர்கள். கண்டி ராஜாவை நம்புகிறேன், கூழை நம்புகிறேன், பெரியப்பாவிடம் கேட்டதைக் கண்ணை மூடிக்கொண்டு நம்புகிறேன். லீவு போட்டு சும்மா, லீவு போடாமல் சும்மா என்று அந்த வாக்கியம் மட்டும் இரண்டு பக்கமும் சரிசமமாக நிற்கிறது, அதில் கணக்குப் பிரிவுக்காரர் கை பட்டிருக்கிறது என்பது என் சந்தேகம். டைரியை அவள் கேட்டால் கொடுங்கள். நான் இப்படிச் சொல்லல என்று அடித்துத் திருத்துவாள். அந்த அடித்தலுக்கும் தேதி போட்டுவையுங்கள்.