பொருள் ஒன்று, இடம் வேறு

கேள்வி: பிகின், ஸ்டார்ட், கமென்ஸ் ஆகிய மூன்றுக்கும் அகராதியில் ‘தொடங்கு’ என்றே பொருள் காண்கிறேன். எதை எழுதினாலும் சரிதானா?

பதில்: பொருள் ஒன்றுதான், புழங்கும் இடம் ஒன்றல்ல. தமிழில் இறந்தார், செத்தார், காலமானார் என்ற மூன்றும் ஒரே செய்தியைத்தான் சொல்கின்றன. ஆயினும் ‘மாடு காலமானது’ என்று யாரும் எழுதுவதில்லை, இரங்கல் செய்தியில் ‘தலைவர் செத்தார்’ என்று அச்சேறினால் அதை எழுதியவர் கதி என்னவாகும் என்று விளக்கவும் வேண்டியதில்லை. பிகின், ஸ்டார்ட் இரண்டும் பழைய ஆங்கிலச் சொற்கள். கமென்ஸ், 1066இல் பிரெஞ்சு பேசிய நார்மானியர் இங்கிலாந்தைக் கைப்பற்றியதற்குப் பின் பிரெஞ்சு வழியாக வந்து சேர்ந்தது. அரசவையிலும் நீதிமன்றத்திலும் நெடுங்காலம் பிரெஞ்சே கோலோச்சியதால், அவ்வழி வந்த சொற்கள் பலவற்றில் அந்த விறைப்பு இன்னும் ஒட்டிக்கொண்டிருக்கிறது. ஒப்பந்தத்திலும் தேர்வு அறிவிப்பிலும் கமென்ஸ் பொருந்தும். சாப்பாட்டைக் கமென்ஸ் செய்துவிட்டதாக நண்பரிடம் சொன்னால் அவர் சிரிப்பார்.

மழைக்கும் கூட்டத்துக்கும் பிகின், ஸ்டார்ட் இரண்டுமே சரி. எந்திரத்துக்கு மட்டும் ஸ்டார்ட்தான். காரை யாரும் பிகின் செய்வதில்லை. பயணம் புறப்படுவதற்கும் அதுவே. ஸ்டார்ட் என்பதற்குத் துள்ளுதல், திடுக்கிடுதல் என்பவை பழைய பொருள்கள்; ‘திடுக்கிடச் செய்’ என்னும் பொருளுடைய ஸ்டார்ட்டில் என்ற சொல்லில் அந்த உறவு இன்றும் தெரிகிறது. நின்றுகொண்டிருந்தது சட்டென உயிர்பெறுவதற்கு அச்சொல்லே வாய்த்தது பொருத்தம்தான் என்று எனக்குத் தோன்றுவதுண்டு.

கேள்வி: என் மேலதிகாரியின் கள்ளமற்ற சிரிப்பைப் பாராட்டி, ‘சைல்டிஷ்’ என்று வாழ்த்து மடலில் எழுதிவிட்டேன். அவர் முகம் வாடிவிட்டது. எங்கே தவறினேன்?

பதில்: நீங்கள் எழுத நினைத்தது சைல்ட்லைக். குழந்தையுள்ளம், சிறுபிள்ளைத்தனம் என்று தமிழிலும் இரண்டு சொற்கள் இருக்கின்றனவே. முதலாவது பாராட்டு, இரண்டாவது ஏச்சு. சைல்டிஷ் பெரியவர்களைக் குறித்து வரும்போது பெரும்பாலும் இரண்டாவதுதான். ஸ்லிம், ஸ்கின்னி என்ற இணையிலும் இதே கண்ணி இருக்கிறது: முன்னது கொடியிடை, பின்னது எலும்பும் தோலும்.

கேள்வி: தெசாரஸ் என்னும் ஒருபொருட்சொல் தொகுப்பைப் பார்த்து எளிய சொற்களை மாற்றினால் நடை உயருமா?

பதில்: தெசாரஸ் என்றாலே நினைவுக்கு வரும் ரோஜெட், 1852இல் வெளியிட்ட தம் நூலில் சொற்களைக் கருத்துவாரியாகத் தொகுத்தாரே தவிர, ஒவ்வொன்றுக்கும் பொருள் எழுதவில்லை. மனத்தில் இருந்தும் நாவில் வராத சொல்லை நினைவூட்ட அது உதவும். முன்பின் அறியாத சொல்லை அங்கிருந்து எடுத்து நட்டால் வினைதான். ஃபேமஸ் என்பதற்குப் பதிலாக நொட்டோரியஸ் என்று போட்டால், புகழ்பெற்ற மருத்துவர் ஒரே வரியில் கெட்டதற்குப் பேர்போன ஆசாமி ஆகிவிடுவார். ஆகவே, கண்டெடுத்த சொல்லை எடுத்துக்காட்டு வாக்கியங்கள் உள்ள அகராதியில் ஒருமுறை பார்த்து, அது எந்தெந்தச் சொற்களோடு சேர்ந்து வருகிறது என்று கண்டபின் எழுதுங்கள்.

கேள்வி: எகனாமிக், எகனாமிகல்?

பதில்: முதலாவது பொருளாதாரம் சார்ந்தது, இரண்டாவது சிக்கனமானது. நாட்டுக்கு வருவது எகனாமிக் நெருக்கடி. குறைந்த எரிபொருளில் நெடுந்தொலைவு ஓடும் வண்டி எகனாமிகல்.