உங்கள் உலகத்தில் எந்த இனத்துக்கு இடம் உண்டு? – கேள்வி பதில்

ஒருவர் கதை சொல்ல, மற்றவர்கள் அதில் வரும் ஆட்களாகப் பகடை உருட்டி விளையாடும் டன்ஜன்ஸ் அண்ட் டிராகன்ஸ் ஆட்டத்துக்குச் சொந்தமாக உலகம் அமைப்பதைப் பற்றி எதைக் கேட்டாலும் பதில் சொல்கிறேன் என்றிருந்தேன். வந்தவற்றில் பெரும்பாலானவை இனங்களைப் பற்றியவை, அதாவது பிளேயர் எடுத்து ஆடும் ஆள் மனிதரா, எல்ஃபா, வேறெதுவா என்பதைப் பற்றியவை. ஒரே மாதிரி இருந்தவற்றைச் சேர்த்துவிட்டேன்.

அக்கா, முதல்முறையாக டிஎம் (ஆட்டத்தை நடத்திக் கதை சொல்பவர்) ஆகப் போகிறேன். என் உலகத்தில் எத்தனை இனம் வைத்தால் சரியாக இருக்கும்?

எண்ணிக்கையில் ஆரம்பிக்காதீர்கள். 1974-இல் வந்த முதல் பதிப்பில் மனிதர், ட்வார்ஃப் (குள்ளமான, உறுதியான இனம்), எல்ஃப் (கூர் காது, நீண்ட ஆயுள்), ஹாபிட் (சிறிய உருவம், பின்னாளில் ஹாஃப்லிங் என்று பெயர்) என்று நாலுதான் இருந்தன, 2014 விதிப்புத்தகத்தில் ஒன்பது, 2024-இல் பத்து, மூன்றிலும் ஆட்டம் நன்றாகத்தான் ஓடுகிறது. நான் பார்ப்பது வேறு: இந்த இனத்தை எடுத்துவிட்டால் உலகத்தில் என்ன மாறும்? ஒன்றும் மாறாது என்றால் அது தேவையில்லை.

இதற்கு நான் எப்போதும் காட்டுவது 1991-இல் வந்த டார்க் சன். மந்திரம் மண்ணின் உயிரை உறிஞ்சி நிலமெல்லாம் பாலைவனமாகிப்போன உலகம் அது. அங்கே நோம் என்ற சின்ன உருவ இனமே கிடையாது, அழித்துவிட்டார்கள். மற்ற உலகங்களில் வயிறார விருந்து சாப்பிட்டுக்கொண்டிருக்கும் ஹாஃப்லிங்குகள் இங்கே காட்டுக்குள் இருந்துகொண்டு மனிதரைத் தின்பவர்கள். எல்ஃப்கள் எந்த மிருகத்தின் மேலும் ஏறாமல் கால்நடையாகவே பாலைவனம் முழுக்க ஓடும் நாடோடிகள். அடிமைகளை வைத்திருப்பவர்கள் அரங்கச் சண்டைக்கும் கடின வேலைக்கும் என்றே மனிதரையும் ட்வார்ஃபையும் சேர்த்து உருவாக்கிய முல் என்ற இனம் உண்டு. டிஎம் வாயைத் திறப்பதற்கு முன்பே, இனப் பட்டியலைப் படித்த பிளேயருக்கு இது எப்படிப்பட்ட ஊர் என்று தெரிந்துவிடுகிறது. நீக்கியதும் மாற்றியதும்தான் அந்த உலகத்துக்கு முகம் கொடுத்தன.

பாலைவனத்தில் உயிர்பிழைப்பதுதான் என் கேம்பெயின் (பல நாள் தொடர்ந்து ஆடும் கதை). ஒரு பிளேயர் வார்ஃபோர்ஜ்ட் (செய்து உயிர் கொடுக்கப்பட்ட இயந்திர மனிதர் இனம்) கேட்கிறார். கொடுக்கலாமா?

எனக்கும் இதே சிக்கல் வந்தது. 2014 விதிப்படி ஓர் ஆளுக்கு நாளைக்கு ஒரு கேலன் தண்ணீர், வெயில் கடுமையாக இருந்தால் இரண்டு. அப்படியானால் கடும் வெயிலில் நாலு பேர் குழுவுக்குத் தினமும் முப்பது லிட்டர், அதாவது முப்பது கிலோ சுமை. பிளேயர்கள் தோல்பையை எண்ணிப் பார்த்து, "இன்னும் ரெண்டு நாள்தான், கிணற்றுக்குத் திரும்பலாமா, முன்னால் போகலாமா" என்று வாக்குவாதம் செய்வதுதான் அந்த ஆட்டத்தின் உயிர். வார்ஃபோர்ஜ்ட் சாப்பிடாது, குடிக்காது, மூச்சும் விடாது. அதைச் சேர்த்தால் ஒரு பங்கு குறைவதோடு நிற்காது, மற்றவர்களின் தண்ணீரையும் அதன் முதுகிலேயே ஏற்றிவிடுவார்கள். வாக்குவாதம் அங்கேயே முடிந்துவிடும்.

வார்ஃபோர்ஜ்ட் மேல் எனக்கு எந்தக் குறையும் இல்லை. 2004-இல் வந்த எபரான் என்ற ஆட்ட உலகத்தில் அது அவ்வளவு கச்சிதமாகப் பொருந்துகிறது: நூறு வருடத்துக்கும் மேல் நடந்த போருக்காகச் செய்யப்பட்டவர்கள், போர் முடிந்து ஒப்பந்தம் வந்ததும் சுதந்திரமானவர்கள் ஆகிவிட்டார்கள், இனி எதற்காக வாழ்வது என்பது அவர்களுக்கு நிஜமான கேள்வி. பாலைவனத்தில் அந்தக் கேள்விக்கு வேலை இல்லை.

எடுத்த எடுப்பில் முடியாது என்று சொல்லாமல், அதில் என்ன பிடித்தது என்று கேளுங்கள். என் பிளேயர், "யாரோ ஒருத்தர் தன் தேவைக்காக உண்டாக்கின ஆளாக இருக்கணும்" என்றார். அப்படியென்றால் முல் என்றேன். இப்போதைய விதிப்புத்தகத்தில் முல் இல்லாததால் ட்வார்ஃப் விதிகளை வைத்தே ஓட்டினோம். தன்னை வளர்த்த முதலாளி இருந்த ஊருக்கு அவர் திரும்பிப் போன இரவில் மேசையில் யாரும் போனைத் தொடவில்லை.

எல்லாரும் இருட்டில் கண் தெரியும் இனமாகவே எடுக்கிறார்கள். குகையில் பயமே இல்லாமல் போகிறது.

முதலில் விதியை முழுசாகப் படியுங்கள். முழு இருட்டில் அவர்களுக்குத் தெரிவது மங்கலான வெளிச்சம் மாதிரிதான், அதுவும் பெரும்பாலும் அறுபது அடிக்கு. மங்கலில் கண்ணால் தேடும்போது இரண்டு பகடை உருட்டிக் குறைந்ததைத்தான் எடுக்க வேண்டும், இதைப் பாதி மேசைகளில் மறந்துவிடுகிறார்கள். நிறமும் தெரியாது, எல்லாம் சாம்பல்தான். நான் ஒரு சுவரில் சிவப்புப் பிடி ஒன்றும் பச்சைப் பிடி ஒன்றும் வைத்து, "பச்சையைத் தொடாதே" என்று பக்கத்தில் எழுதி வைத்தேன். தீப்பந்தம் ஏற்றலாமா, ஏற்றினால் யார் பார்ப்பார்கள் என்று அரை மணி நேரம் பேசினார்கள். இனத்தைத் தடை செய்ய வேண்டிய அவசியமே வரவில்லை.

பறக்கும் இனம்?

முதல் லெவலில், அதாவது ஆள் பலம் கூடாத ஆரம்ப நிலையில், வேண்டாம். ஆராகோக்ரா என்ற பறவை மனிதர் இனம் 2015-இல் வந்தபோது ஆரம்பத்திலேயே ஒரு சுற்றுக்கு ஐம்பது அடி பறக்கும் வேகம் இருந்தது. பள்ளம், ஆறு, கோட்டைச் சுவர் எதற்கும் மதிப்பில்லாமல் போய்விடும். மொத்தக் குழுவும் பறக்கிற மலை உலகம் என்றால் தாராளமாக வையுங்கள்.

ஆர்க் (கதைகளில் அரக்கர் மாதிரி வரும் முரட்டு இனம்) கெட்ட இனம்தானே, பிளேயருக்குக் கொடுக்கலாமா?

இதில் ஆட்டமே நிறைய முறை மனம் மாறியிருக்கிறது. மனிதரும் ஆர்க்கும் கலந்த அரை ஆர்க் 1978-இல் வந்தது, 1989-இல் அடிப்படைப் புத்தகத்திலிருந்து எடுத்தார்கள், 2000-இல் திரும்பக் கொண்டுவந்தார்கள், 2024-இல் அரை போய் முழு ஆர்க்கே வந்துவிட்டது. டிராகன்லான்ஸ் என்ற இன்னொரு ஆட்ட உலகத்தில் ஆர்க்கே இல்லை, அதனால் ஒன்றும் குறைந்துவிடவில்லை.

பிறவியிலேயே கெட்டவர்கள் என்று ஓர் இனத்தை எழுதுவதை நான் நிறுத்திவிட்டேன். கொல்வதற்கு மட்டும்தான் ஆர்க் என்றால் அந்த இடத்தில் கொள்ளையர்களை வையுங்கள், வேலை நடக்கும். ஆர்க் வேண்டும் என்றால் அவர்களுக்கு ஊர் வேண்டும், அடுப்பு வேண்டும், பக்கத்து ஊரோடு தீராத எல்லைத் தகராறு வேண்டும். அப்புறம் ஒரு பிளேயர் ஆர்க் எடுத்தால் அவருக்குச் சொந்தக்காரர்கள் இருப்பார்கள், உங்களுக்குக் கதை கிடைக்கும்.

வெறும் மனிதர்களை மட்டும் வைத்தால் சலிக்காதா?

சலிக்காது. காது கூரான மனிதர்களை எல்ஃப் என்று சொல்லி விளையாடுவதுதான் எனக்குச் சலிப்பு. 2014 விதிப்படி எல்ஃப் எழுநூற்றைம்பது வருடம் வாழலாம். ராஜாவின் கொள்ளுத்தாத்தா எப்படிப் பொய் சொல்லி அரியணை ஏறினார் என்பதை நேரில் பார்த்த ஆள் சத்திரத்தில் உட்கார்ந்திருக்கிறார், அவரை எந்த ராஜா உயிரோடு விடுவான்? இந்த மாதிரி ஒரு விஷயமாவது உங்கள் ஆட்டத்தில் வராது என்றால் எல்ஃபை விட்டுவிட்டு, கடற்கரை மனிதர், மலை மனிதர் என்று பிரித்து அதில் உழைப்பைப் போடுங்கள்.

முதல் பதிப்பே மனிதரை நடுவில் வைத்ததுதான். ட்வார்ஃப் ஆறாவது லெவலோடு நிற்க வேண்டும், ஹாபிட் நாலோடு, மனிதருக்கு மட்டும் எல்லை இல்லை. அந்த எல்லைகள் 2000-இல் ஒழிந்தன, நல்லதுதான். யாரை நடுவில் வைக்கிறோம் என்ற முடிவு மட்டும் இன்றைக்கும் உங்களுடையது.

ஆங்கிலத்தில் ரேஸ் போய் ஸ்பீஷீஸ் ஆகிவிட்டதே, தமிழில் என்ன சொல்வது?

இதே மாதிரியான பாத்ஃபைண்டர் ஆட்டம் 2019-லேயே மாற்றி வம்சாவளி என்ற பொருளில் ஒரு சொல்லை எடுத்துக்கொண்டது. நம் 'இனம்' இரண்டு பொருளுக்கும் ஆகும், அதையே வைத்துக்கொள்ளலாம். பாடப்புத்தகத்துச் 'சிற்றினம்' மேசையில் ஒட்டவில்லை, சொல்லிப் பார்த்தோம். பெயரைவிடப் பெரிய மாற்றம், பலம், அறிவு போன்ற பண்பு எண்களுக்கான கூடுதல் இனத்திலிருந்து விலகி 2024-இல் பின்னணிக்கு, அதாவது அந்த ஆளின் முன்கதைக்கு, போனதுதான். பலசாலி நோம் எடுக்க இப்போது எந்தத் தடையும் இல்லை.

என் தம்பி டிராகனாகவே விளையாட வேண்டும் என்று அடம்பிடிக்கிறான்!

1974 புத்தகத்திலேயே இதற்கு வழி இருக்கிறது: என்னவாக வேண்டுமானாலும் விளையாடலாம், ஆனால் பலவீனமாகத் தொடங்கி மேலே வர வேண்டும். டிராகன்தான் வேண்டும் என்றால் குட்டி டிராகன். கன்றுக்குட்டி அளவில், தீ இன்னும் சரியாக வராத ஒன்றைக் கொடுத்துப் பாருங்கள். அதன் அம்மா எங்கே என்பதை மட்டும் அவனிடம் இப்போதைக்குச் சொல்ல வேண்டாம்.